பிங்கோவைத் தாண்டிய எண்

மெல்வினாவின் இரத்தத்தில் என்ன ஓடுகிறது என்பது எங்கள் மீன்பிடி ஊரான டிம்ஸ் ஹார்பர் முழுவதற்கும் தெரியும். அதற்கு அவளேதான் காரணம். ஊர் வாயை மூட முடியாது என்று தெரிந்துகொண்டவள், எதற்கு வீண் பாடு என்று எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவாள். தபால் ஆபீஸ் வரிசையில், தேவாலய வாசலில், வெள்ளிக்கிழமை தீயணைப்புக் கூடத்தில் நடக்கும் பிங்கோ எண் ஆட்டத்தில், எங்கே கேட்டாலும் பதில் கிடைக்கும். "இந்தத் தடவை நாப்பத்தொண்ணு" என்பாள், நாளைக்கு மூடுபனி இருக்கும் என்று சொல்வதைப் போல.

அவள் என் தம்பி ஹெட்லியின் மனைவி. அடுத்த வீடு. என் அடுப்படி ஜன்னலில் நின்றால் அவள் அடுப்படி தெரியும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே, என் ஜன்னல் திரையைக் கழுவிப் போடச் சொல்லி அங்கிருந்து குரல் கொடுத்தவள். குள்ளம். குரல் மட்டும் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் வரை போகும். அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் சிறுமியாக இருந்தபோதே படகில் ஏறியவள். கல்யாணத்துக்குப் பிறகு ஹெட்லியின் படகில் ஏறினாள். காட் மீன் பிடிக்கக் கூடாது என்று அரசாங்கம் கடலை மூடிய காலத்தில், வேலை போன பெண்களுக்கெல்லாம் முடிவெட்டும் பயிற்சி கொடுத்தார்கள். மெல்வினாவும் போனாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே திரும்பி வந்து, அந்த டீச்சரம்மாவுக்குத்தான் யாராவது பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வலையைத் தைக்க உட்கார்ந்தாள். பிறகு நண்டுப் படகுக்குப் போனாள். மார்புப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் எடுத்த பிறகும் போனாள். வருஷங்கள் கழித்து நோய் திரும்பி வந்து இடுப்பெலும்பில் உட்கார்ந்த பிறகுதான் படகை விட்டாள். அதுவும் நண்டுக் கூடையைத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதால். தூக்கினால் என்ன என்று அவள் கேட்டதற்கு ஹெட்லி கூடைகளையே விற்றுவிட்டான்.

அந்த டாக்டர் பெயர் அடேயெமி. நகரத்து ஆஸ்பத்திரியில் இருக்கும் நைஜீரியாக்காரி, எங்கள் குளிரை எங்களைவிட அதிகமாகத் திட்டுகிறவள், அதனாலேயே எங்களுக்குப் பிடித்துப்போனவள். அவள்தான் அந்த இரத்தப் பரிசோதனையை விளக்கினாள். மார்புப் புற்றுநோய் இரத்தத்துக்குள் ஒரு புரதத்தை உதிர்க்குமாம். அது எவ்வளவு என்று அவ்வப்போது அளந்து பார்த்தால், உள்ளே நோய் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாமாம். அதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அடையாளம்.

வேறு எந்தப் பெயர் வைத்திருந்தாலும் எங்களுக்கு இந்த வினை வந்திருக்காது. எங்கள் கடற்கரையில் அடையாளம் என்பது விளையாட்டுச் சொல் இல்லை. மீன் கிடக்கும் இடத்துக்குக் கரையைப் பார்த்துக் குறி வைப்பதற்குப் பெயர் அடையாளம். மெல்வினாவின் அப்பா கண்டுபிடித்த மீன்திட்டு ஒன்று உண்டு. தேவாலயக் கோபுரம் பார்டி வீட்டுச் சிவப்புக் கொட்டகைக்கு நேர் மேலே நிற்க வேண்டும். கிழக்கே மலைமுனைக்குப் பின்னாலிருந்து காக்கைப் பாறை தலையை நீட்ட வேண்டும். அங்கே தூண்டிலை இறக்கினால் கை நிறையும். அந்த அடையாளங்களை அவர் மகளுக்கு மட்டும்தான் சொன்னார். மகள் கல்யாணமாகிப் பல காலம் கழித்துத்தான் புருஷனுக்கே சொன்னாள். அடையாளம் பொய் சொல்லாது என்பதில் இந்த ஊரில் இரண்டாம் பேச்சு கிடையாது. ஆகவே டாக்டர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எல்லோரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். அவள் சொன்ன 'ஓரளவு' யார் காதிலும் ஏறவில்லை.

எண் இறங்கினால் ஊர் சிரித்தது, ஏறினால் ஊர் முகம் தொங்கியது. பிங்கோவில் எண்களைக் கூப்பிடும் கார்லண்ட், மெல்வினாவின் அப்போதைய எண் வந்துவிட்டால் மைக்கில் "நம்ம மெல்வினா!" என்பான். கூடமே மேஜையைத் தட்டும். அது யார் அட்டையில் இருந்தாலும் அவர்களுக்கு ஒரு ராசி என்று பேச்சு. கேவலமான வேடிக்கை என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். மெல்வினாவுக்கோ பெருமை தாங்காது.

போன கோடையில் பழைய மருந்துக்கு வேலை செய்யத் தெம்பு போய்விட்டது. டாக்டர் புது மாத்திரையைத் தொடங்கினாள். அது மெல்வினாவின் உள்ளங்கையையும் பாதத்தையும் சுட்ட உருளைக்கிழங்குத் தோலைப் போல உரித்தது. தேநீர்க் கோப்பையைத் துணி சுற்றிப் பிடித்தாள். புகார் சொல்லவில்லை, அதாவது, அவள் சொன்ன புகாரெல்லாம் ஹெட்லியின் சமையலைப் பற்றித்தான்.

ஆகஸ்டில் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். இப்போதெல்லாம் முடிவு டாக்டர் வாய்க்கு முன்னால் நம் போனுக்கு வந்துவிடுகிறது. யார் கண்டுபிடித்த புத்திசாலித்தனமோ, அவரை ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் தங்க வைக்க வேண்டும். முடிவு வந்த அன்றைக்கு பிங்கோ நடந்துகொண்டிருந்தது. மெல்வினாவின் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். மேடையிலிருந்த கார்லண்ட் உருட்டிய பந்தைக் கையில் வைத்துக்கொண்டே, "என்ன நம்பர் அத்தை?" என்று மைக்கில் கேட்டான். எங்கள் ஊரில் வயதான பெண்கள் எல்லோருமே எல்லோருக்கும் அத்தைதான்.

"நூத்தி நாப்பத்தெட்டு."

"அது நம்ம பெட்டியிலயே இல்லையே அத்தை" என்றான் கார்லண்ட். பிங்கோ எழுபத்தைந்தோடு முடிந்துவிடும். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. பந்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மைக்கை அணைத்தான். மெல்வினா தன் அட்டைகளை அடுக்கிப் பையில் வைத்து, "ஆட்டத்தை நிறுத்தாதீங்கப்பா, நான் இன்னும் சாகல" என்று சொல்லிவிட்டு ஹெட்லியின் தோளைத் தொட்டாள். இருவரும் எழுந்து போனார்கள்.

மறுநாள் காலையிலிருந்து சாப்பாடு வர ஆரம்பித்தது. உப்புக்கறி அவியல், பட்டாணிக் களி, மூஸ் மான்கறி அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம், பேக்கரியில் வாங்கியதைத் தட்டு மாற்றிக் கொண்டுவந்த ரொட்டி. துக்க வீட்டுக்கு எது வருமோ அதெல்லாம். கொண்டுவந்தவர்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போவது போல முகத்தை வைத்துக்கொண்டு மெல்வினாவின் கையைப் பிடித்தார்கள். தோல் உரிந்த கை, பிடித்தால் எரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்கக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"ஆலிவ் வீட்டுப் பக்கம் போனேன், நெட்டா. கறுப்பு கேக் வாசனை தூக்குது. ரம்மை ஊத்தித் துணியில சுத்துறா. ஆகஸ்ட் மாசத்துல யாருக்குடி கல்யாணம்?"

நான் பாத்திரம் கழுவுவதிலேயே இருந்தேன். உலர்பழம் நிறையப் போட்ட கறுப்பு கேக்கை எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்குச் சுடுவார்கள். மற்றபடி கல்யாணத்துக்கு, அல்லது சாவுக்கு. கிடந்து ஊற ஊறத்தான் ருசி என்பதால் முன்கூட்டியே சுட வேண்டும். ஊரில் கல்யாணம் எதுவும் இல்லை. ஆலிவ் பார்டி நல்லவள்தான், பள்ளிக்கூடத்திலிருந்தே மெல்வினாவுக்கு உயிர்த்தோழி. அந்தக் கேக்கைச் சுடும்போது அழுதுகொண்டேதான் சுட்டிருப்பாள். ஆனாலும் அன்றைக்கு அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு ஆத்திரம் வந்தது.

டாக்டர் அடேயெமி திங்கட்கிழமை கூப்பிட்டாள். எல்லோரும் கேட்கட்டும் என்று மெல்வினா போனை மேஜையில் வைத்தாள். புது மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலருக்கு எண் இப்படித் துள்ளும், மருந்து புற்றுநோய்ச் செல்களை உடைக்கும்போது உள்ளே இருப்பது இரத்தத்தில் கொட்டும், அதனாலும் ஏறலாம் என்றாள் டாக்டர். நோய் வளர்வதாலும் ஏறலாம் என்பதையும் மறைக்கவில்லை. "இந்த நம்பரை மட்டும் வச்சு என்னால எதையும் சொல்ல முடியாது. செப்டம்பர் கடைசில ஸ்கேன் எடுக்கலாம். அது வரைக்கும் மாத்திரையை விட்டுடாதீங்க" என்றாள்.

மெல்வினா பொறுமையாகக் கேட்டாள். நன்றி சொன்னாள். டாக்டரின் சின்ன மகனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்தாள். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நல்ல பொண்ணு. என் மனசு நோகக் கூடாதுன்னு பாக்குறா."

மாத்திரை டப்பாவை எடுத்து, இனி இது வேண்டாம் என்று மாவு டின்னுக்குப் பின்னால் வைத்தாள். கை ஆறிவிட்டால் கடைசியாக ஒரு தடவை ஒழுங்காக ரொட்டி சுடலாம், பின்னலாம், கோப்பையைத் துணி இல்லாமல் பிடிக்கலாம் என்றாள். அடையாளம் தப்பிப்போன பிறகும் அங்கேயே நங்கூரம் போட்டுக்கொண்டு கிடக்க அவள் அப்பா அவளை வளர்க்கவில்லையாம்.

நான் கத்தினேன். டாக்டர் படித்த படிப்பெல்லாம் வீணா என்று கேட்டேன். வெளியூரில் இருக்கும் அவள் பிள்ளைகளுக்குப் போன் போடுவேன் என்று மிரட்டினேன். அவள் எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தாள். ஹெட்லி கதவோரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டி முடித்ததை அவிழ்த்து மறுபடி கட்டினான். வெளியே வந்ததும் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா? வாய்ல என்ன, கொழுக்கட்டையா?"

"சொன்னா கேக்குறவளா அவ" என்றான். போய்விட்டான். பேசுவதற்குக் காசு கேட்பார்கள் என்று சின்ன வயதிலிருந்தே பயந்தவன் என் தம்பி. அவன் முதுகைப் பார்த்தபோதுதான் அவன் எவ்வளவு இளைத்திருக்கிறான் என்று தெரிந்தது. மெல்வினா இல்லாமல் ஒரு மாதம்கூட இருக்கமாட்டான் என்று எனக்குத் தோன்றியது.

கோடையில் சனி ஞாயிறுகளில் வீட்டுச் சாப்பாட்டுக்கு காட் மீன் பிடித்துக்கொள்ள அனுமதி உண்டு. அந்த வாரம் ஹெட்லி என்னிடம் வந்து, சனிக்கிழமை மெல்வினாவைக் கடலுக்குக் கூட்டிப்போகிறேன், நீயும் வா என்றான். நான் படகேறினால் வாந்தி எடுப்பேன் என்பது அவனுக்குத் தெரியும். இருந்தும் வா என்றான். போனேன்.

காலை தெளிவாக இருந்தது. மெல்வினா என் அம்மாவின் பழைய போர்வையைச் சுற்றிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள், கையில் கம்பளி உறை. ஹெட்லியின் படகில், கடலில் எங்கே நிற்கிறோம் என்று காட்டும் மின்னணுத் திரை ஒன்று உண்டு. கெட்டுப்போய்விட்டது என்றான். அவனே அதன் வயரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டதை நான் பார்த்தேன். எதற்கென்று புரியவில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை; திறந்தால் காலைச் சாப்பாடு வெளியே வந்துவிடும் போலிருந்தது.

கோபுரம் மெல்ல நகர்ந்து சிவப்புக் கொட்டகைக்கு மேலே வந்து நின்றது. ஹெட்லி எஞ்சினை அணைத்தான். தூண்டிலை இறக்கினான். ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தான். ஒன்றும் இல்லை. நேரம் போனது. ஒரு பொடி மீன்கூட மோந்து பார்க்கவில்லை.

"ஏய்யா, இங்க எதுக்கு நிறுத்தின?" என்றாள் மெல்வினா.

"அடையாளம் வந்துடுச்சு. கோபுரத்தைப் பாரு."

"கோபுரம் சரி. காக்கைப் பாறை எங்க? அது இன்னும் முனைக்குப் பின்னாலதான கெடக்கு. ஒண்ணை மட்டும் பார்த்து நிறுத்துற, புதுசா கடலுக்கு வந்தவனாட்டம். இதே கோட்டுல கடல் தாண்டிப் போர்ச்சுகல் வரைக்கும் போனாலும் கோபுரம் கொட்டகை மேலதான் நிக்கும். ஒரு அடையாளத்தை வச்சுக்கிட்டு எங்க இருக்கோம்னு எவன்யா சொல்லுவான்?"

ஹெட்லி தூண்டில் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது.

"மாத்திரையை விடுறதுக்கு உனக்கு ஒண்ணு போதுமா இருந்துச்சே, மெல்" என்றான்.

மெல்வினா கரையைப் பார்த்தாள். கோபுரம் அங்கேயே நின்றது. அவள் ஏதாவது சூடாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன். ஹெட்லிதான் மறுபடி பேசினான். அவன் ஒரே நாளில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம் வெளியே போய்ப் பாப்போமே. பாறை தெரியுற வரைக்கும். அப்பவும் ஒண்ணும் இல்லேன்னா திரும்பிடலாம். அதுக்கப்புறம் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே அழுதான். நானும் அழுதேன், குமட்டல் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"இத்தனை வருஷம் ஊமையா இருந்துட்டு, தப்பிச்சு ஓட வழியில்லாத எடத்துல கொண்டாந்து வச்சுப் பேசுற நீ" என்றாள் மெல்வினா. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எஞ்சினைப் போடு" என்றாள்.

போனோம். மலைமுனைக்குப் பின்னாலிருந்து காக்கைப் பாறை முதலில் கறுப்பாக ஒரு நுனியும், பிறகு முழுத் தலையுமாக வெளியே வந்தது. அவள் கையை உயர்த்தினாள், ஹெட்லி நிறுத்தினான். அங்கே மீன் இருந்தது. மூன்று பேருக்கும் அனுமதித்த அளவு சீக்கிரமே நிறைந்துவிட்டது. தூண்டிலிலிருந்து மீனைக் கழற்ற அவள் கைக்கு முடியவில்லை. ஹெட்லி கழற்றிக் கொடுத்தான். அன்று மதியம் பன்றிக்கொழுப்பைப் பொரித்து ஊற்றி மீன் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்குப் பின் மெல்வினா எழுந்து போய் மாவு டின்னை நகர்த்தினாள். மாத்திரையை விழுங்கிவிட்டு, விட்டுப்போன நாட்களைப் பற்றி டாக்டரிடம் யார் சொல்வது, திட்டுவாளே என்று கேட்டாள். நான்தான் போன் போட்டேன். திட்டு எனக்குத்தான் விழுந்தது. டாக்டர் மெல்வினாவின் கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு மாத்திரையின் அளவைக் கொஞ்சம் குறைத்தாள்.

செப்டம்பரில் ஸ்கேனுக்குப் போனோம். முடிவைச் சொல்ல டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டபோது ஹெட்லி வரமாட்டேன் என்று நடையிலேயே நின்றுகொண்டான். டாக்டர் திரையில் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். எலும்பில் இருந்தது அடங்கியிருந்தது. புதிதாக எங்கும் இல்லை. மருந்து வேலை செய்கிறது என்றாள். இது ஒரேயடியாகப் போகிற நோய் இல்லை, ஆனால் இப்போதைக்கு நம் சொல்லைக் கேட்கிறது என்றாள். இரத்தத்தில் எண்ணும் இறங்கத் தொடங்கியிருந்தது, இன்னும் பிங்கோவுக்குள் வராவிட்டாலும்.

நான் வெளியே ஓடி வந்து ஹெட்லியிடம் சொன்னேன். அவன் சுவரில் சாய்ந்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். நர்ஸ் பதறி ஓடி வந்தாள். பின்னால் வந்த மெல்வினா, அவருக்கு ஒன்றுமில்லை, அவர் சந்தோஷப்படுவது இப்படித்தான் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் தானும் தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். இடுப்பெலும்பு வலித்திருக்கும். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது.

திரும்பினோம். ஊருக்குள் நுழைந்ததும், வீட்டுக்கு வேண்டாம், பார்டி வீட்டு வாசலில் நிறுத்து என்றாள் மெல்வினா. ஆலிவ் கதவைத் திறந்தாள். எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கேக்கைக் கொடு" என்றாள் மெல்வினா.

"எந்தக் கேக்கு?" என்றாள் ஆலிவ். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"உன் அலமாரில ரம் குடிச்சுக்கிட்டுக் கெடக்கே, அது. எனக்குன்னு சுட்டதுதானடி? எல்லாரும் திங்க நான் மட்டும் படுத்துக் கெடக்கணுமா?"

ஆலிவ் கதவைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். மெல்வினா அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், தானே அலமாரியைத் திறந்து, துணியைப் பிரித்து, கத்தி எங்கே என்று கேட்டாள். ஆலிவ் வீட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து தின்றோம். ஹெட்லி இரண்டு துண்டு தின்றான். ஆலிவ் மூக்கைத் துடைத்துத் துடைத்துத் தின்றாள். மெல்வினா மட்டும் நிதானமாக மென்று, கடைசித் தூளையும் விரலால் ஒற்றி எடுத்து வாயில் வைத்தாள்.

"நல்லாதான் இருக்கு" என்றாள். "ஆனா அவசரமா பண்ணியிருக்க. இன்னொண்ணு சுட்டு வை, ஆலிவ். அது நல்லா ஊறட்டும்."